கத்திரிச் செடிக்கு ஊற்றிய குடிதண்ணீர்

பழவேற்காட்டுப் பள்ளியில் வேளாண் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், மாணவிகள் ஆளுக்கொரு கத்திரிச் செடி வளர்க்க வேண்டும், செடி காய்த்தால்தான் செய்முறை மதிப்பெண் என்று அறிவித்தேன். பள்ளிக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அதை நான் யோசிக்கவே இல்லை. செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. மீனவக் குடும்பத்து மாணவி ஒருத்தியின் செடி மட்டும் பூத்தது. வகுப்பின் முன் அவளை நிறுத்திப் பாராட்டினேன்.

மறுநாள் அவளுடைய அம்மா நண்டுக் கூடையோடு பள்ளிக்கு வந்தார்.

"இன்னா டீச்சர் இது? குடிக்கத் தண்ணி லாரியிலதான் வருது. அத எம் பொண்ணு தெனம் கொண்டாந்து செடிக்கு ஊத்துது. கேட்டா மார்க்குனு சொல்லுது. தான் குடிக்கிறதக் கொறச்சிக்குது."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றைக்கே வகுப்பில், செடிக்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அவள் எழுந்தாள். "அப்போ நான் ஊத்துனதெல்லாம் சும்மாவா டீச்சர்?"



அடுத்த வாரம் செடிக்குப் பதிலாக, எல்லோரையும் பஸ்ஸில் நல்ல தண்ணீர் பாயும் திருப்பாலைவனத்து வயலுக்கு நாற்று நட அழைத்துப் போனேன். சேற்றில் தோழிகளோடு அவளும் சிரித்து விளையாடினாள். என்னிடம் மட்டும் பேசவில்லை.