வயர்காரரின் பின்சீட்டு

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. வயர்காரர் என்றால்தான் தெரியும். காரின் பின்சீட்டில் உட்காருகிறவர்கள் படம் பார்க்கத் திரை பொருத்துவது அவருடைய தொழில். கை சுத்தம், வேலை சுத்தம், நேரம் தவறமாட்டார். பேச்சுதான் வராது. "மாமாவைப் பேச வைக்கணும்னா முதல்ல அவர் ஃபியூஸைச் செக் பண்ணணும்" என்று மைத்துனன் வாடிக்கையாளர்களிடம் கிண்டலடிப்பான். அவன் அவருடைய மனைவியின் தம்பி. அவர் வேலை செய்த கொட்டகையின் மறுபாதியில் கார் சீட்டுகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தான். அவர் பேசாத பேச்சையும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

திரை மாட்டுவது பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். முன்சீட்டின் தலைசாய்ப்பில் ஒரு திரை, அவ்வளவுதானே என்பார்கள். மறைந்திருப்பதுதான் வேலை. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருகிற வயரை ஃபியூஸ் பெட்டியில் தேடிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திவைத்த காரிலும் திரை பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும், காலையில் வண்டி கிளம்பாது. கார்க் கதவின் வாசற்படிப் பட்டையைக் கழற்றி, தரைவிரிப்புக்கு அடியில் வயரை இழுத்து, சீட்டின் முதுகு வழியாக ஏற்றி, தலைசாய்ப்பைத் தாங்கும் குழாய்க்குள் நுழைக்க வேண்டும். சீட்டு முன்னும் பின்னும் நகரும் என்பதால் ஒரு முழம் தளர்வாக விட வேண்டும். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்காவிட்டால் எஞ்சினின் முனகல் பாட்டுக்குள் கேட்கும்.

ஹெட்போனுக்கு வயர் கிடையாது. திரைக்குக் கீழே உள்ள ஒரு கறுப்புப் பட்டை கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பிக்கொண்டிருக்கும். டிவி ரிமோட்டில் இருக்கும் அதே ஒளிதான். ஹெட்போன் அதைப் பிடித்துச் சத்தமாக்கும். பின்னால் இருப்பவருக்கு முழுப் படமும் கேட்கும், முன்னால் ஒரு சத்தமும் வராது. வாங்க வருகிறவர்கள் அந்த நிம்மதிக்காகத்தான் வந்தார்கள்.

ஊருக்கெல்லாம் திரை வைத்தவருடைய சொந்தக் காரில் ரேடியோகூடக் கிடையாது. எவரோ ஓட்டிக் களைத்த பழைய நீலக் கார். அதற்கு வேலை வந்தது அவர் மனைவிக்கு நாற்பத்தாறு வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோதுதான். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். போகும்போது உட்கார்ந்திருப்பாள். வரும்போது பிழிந்துபோட்ட துணிபோலப் பின்சீட்டில் குறுக்கே படுத்திருப்பாள். குழந்தை இல்லாத வீடு. இருவர் மட்டும் இருந்த காரில் எஞ்சின் சத்தம்தான் மூன்றாவது ஆள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லாமல் கொள்ளாமல் காரைக் கொட்டகைக்குள் ஏற்றினார். மாலைக்குள் ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டின் முதுகில் திரை வந்துவிட்டது. பழைய சிரிப்புப் படங்களாகப் பொறுக்கி ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதைத் திரையின் பக்கவாட்டில் செருகியிருந்தார்.

"எனக்கெதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் அவள்.

"பொழுது போகும்."

"நீங்க நாலு வார்த்தை பேசினா போகாதா?"

அவர் ஹெட்போனை நீட்டினார். பேட்டரி மூடியின் விளிம்பில் ஒரு சிறிய பிளாஸ்டிக் நாக்கு துருத்திக்கொண்டிருந்தது. வாங்குகிறவர் கைக்குப் போகும்வரை பேட்டரி வீணாகாமலிருக்க அவர் எல்லா ஹெட்போனிலும் அப்படிச் செருகி வைப்பார். "இதை இழுத்துட்டா வேலை செய்யும்" என்றார். அவள் தலையாட்டினாள்.

மறுநாளிலிருந்து கார் கிளம்பியதும் அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். கண்ணாடியில் அவ்வப்போது பார்ப்பார். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் அசையும். சில சமயம் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தான் கற்ற தொழில் பெண்டாட்டிக்கு உதவியதே என்று நினைத்துக்கொண்டார்.

பின்னால் இருப்பவளுக்குக் காது அடைத்திருக்கிறது என்ற தைரியத்தில் அவருக்கு வாய் திறந்தது. அதுதான் வினையாயிற்று. ஃபோன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுப் பேச ஆரம்பித்தார். வீட்டில் பேசினால் அவளுக்குக் கேட்கும், கொட்டகையில் பேசினால் ஊருக்குக் கேட்கும். கார் ஒன்றுதான் பாக்கி.

டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை மைத்துனனிடம் அப்படித்தான் சொன்னார். "வேற கிட்னி வைக்க முடியாதாம்டா. இதயம் தாங்காதாம். வருஷம் முடியறவரைக்கும் இருந்தா பெரிசுன்னாங்க. அக்காகிட்ட மூச்சு விட்டுறாதே." அந்தப் பக்கம் மைத்துனன் கேவியது கார் முழுக்கக் கேட்டது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு நாள் தன் அக்காவிடம் பேசினார். அன்று காலையில் மனைவி மூன்று முறை வாந்தி எடுத்திருந்தாள். படுக்கையை மாற்றி, தரையைத் துடைத்து, கஞ்சி வைத்து, அதையும் அவள் குடிக்காமல், ஒன்றும் சாப்பிடாமலே வண்டி எடுத்திருந்தார். அக்கா "எப்படிடா இருக்கே தம்பி?" என்று கேட்டதுதான் தாமதம், அணை உடைந்தது.

"என்னால முடியலக்கா. அவ படுறதைப் பார்க்க முடியல, நான் படுறதும் முடியல. சில நேரம் எல்லாம் சீக்கிரம் முடிஞ்சா தேவலைன்னு தோணுது. நான்லாம் மனுஷனா?"

அக்கா என்ன சொன்னாள் என்பது அவர் மனதில் நிற்கவில்லை. சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் அழுதுகொண்டிருந்தார். பின்னால் ஹாரன்கள் அலறின.

நான்காவது மாதம் ஒரு நாள் காலை. அவளை உள்ளே அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரியின் கார் நிறுத்தத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீட்டில் கிடந்த ஹெட்போனைக் கையில் எடுத்ததும் தொழில்காரன் புத்தி கணக்குப் போட்டது. அதில் போட்ட பேட்டரி ஐம்பது மணி நேரம் ஓடினால் அதிகம். இந்நேரம் இரண்டு முறையாவது மாற்றியிருக்க வேண்டும். அவள் ஒரு முறைகூடக் கேட்கவில்லையே. வாசல் கடையில் இரண்டு பேட்டரி வாங்கிவந்து மூடியைத் திறந்தார்.

பிளாஸ்டிக் நாக்கு உள்ளே இருந்தது. வெளியே தெரியாதபடி ஒழுங்காக மடித்து மூடிக்குள் வைத்திருந்தாள். பேட்டரி இரண்டும் கடையில் வாங்கியபடியே இருந்தன.

வயர்காரர் காரின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். இத்தனை மாதமும் அந்த ஹெட்போன் ஒரு சத்தமும் போட்டதில்லை. அப்படியானால் மைத்துனனிடம் சொன்னது? அக்காவிடம் சொன்னது? ஒவ்வொரு வார்த்தையாக நினைவுக்கு வர வர அவருக்கு உடம்பு கூசியது. தன் நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம்போல் இருந்தது.

திரும்பும் வழியில் அவள் வழக்கம்போல ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுத்தாள். பெட்ரோல் பங்கைத் தாண்டி ஆளில்லாத இடத்தில் அவர் வண்டியை ஓரங்கட்டினார். திரும்பிப் பார்க்காமலே, மெதுவான குரலில், "கேக்குதா?" என்றார்.

 பின்சீட்டில் ஹெட்போனைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"முதல் நாள் மறந்துதான் போச்சு. இழுக்கணும்னு நினைச்சேன், அதுக்குள்ள தம்பி ஃபோன் பண்ணினான். நீங்க பேச ஆரம்பிச்சீங்க. நம்ம வீட்டுக்காரருக்கு இவ்வளவு பேச வருமான்னு அப்படியே கேட்டுட்டு இருந்தேன். இழுத்தா அது போயிடுமே."

"நான் என்னென்னவோ பேசினேனே..."

"பேசினீங்க."

"அக்காகிட்ட சொன்னது... அது வந்து..."

"எனக்கும் சில நாள் அப்படித்தாங்க தோணும். உங்களுக்குத் தோணக்கூடாதா?" என்றாள் அவள். குரல் களைத்திருந்தது. கோபம் இல்லை. "நல்லதோ கெட்டதோ, உங்க வாயால வந்துச்சு. இருபத்துமூணு வருஷமா செவுத்தோட குடும்பம் நடத்தினவளுக்கு அதுவே பெரிசு. அழாதீங்க. வண்டியை எடுங்க, உச்சி வெயில்."

அவர் வண்டியை எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் கிடைத்தது. ஹெட்போன் கதவுப் பையில் கிடந்தது. திரை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்க இருவரும் பேசினார்கள். பெரிய விஷயமெல்லாம் இல்லை. கதவிடுக்கில் மாட்டி அவள் விரல் நசுங்கிய கதை, அவளைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் ஒரு மணி நேரத்தில் இரண்டே வார்த்தை பேசிய கதை. "தண்ணி, போதும். இதுதான் நீங்க பேசினது. எங்கம்மா மாப்பிள்ளைக்கு நாக்குல ஏதோ கோளாறுன்னு நினைச்சாங்க" என்பாள். அவர் சிரிப்பார். அவரிடமும் ஒரு கதை இருந்தது. ஒரு பணக்காரரின் காரில் திரையைத் தலைகீழாக மாட்டிவிட்டு, "படுத்துட்டே பார்க்கறதுக்குங்க" என்று சமாளித்ததை அப்போதுதான் அவளிடம் முதன்முதலாகச் சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கி, வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.

சாவைப் பற்றியும் பேசினார்கள். காஸ் புத்தகம் எங்கே இருக்கிறது, கம்பளியை எப்போது வெயிலில் போட வேண்டும், தம்பி கோபித்துக்கொண்டால் எப்படிச் சமாதானம் செய்ய வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே வருவாள். அவர் "உம்" கொட்டுவார். "உம் கொட்டாதீங்க, திருப்பிச் சொல்லுங்க" என்று அதட்டுவாள். பள்ளிக்கூடப் பிள்ளைபோல அவர் ஒப்பிப்பார். 

ஒரு வியாழக்கிழமை இயந்திரத்தில் இருக்கும்போதே அவளுடைய இதயம் நின்றுவிட்டது. அவர் வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வந்து தோளைத் தொட்டதுமே புரிந்துவிட்டது. உள்ளே போய் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு வழியில ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்டி" என்றார்.  என்ன சொல்ல நினைத்தார் என்பதை அவர் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பின்னால் நீலக் காரை, செய்தி கேட்டு ஓடிவந்திருந்த மைத்துனன் ஓட்டினான். வயர்காரர் தன் காரின் பின்சீட்டில் அன்றுதான் முதன்முதலாக உட்கார்ந்தார். சாவியைத் திருப்பியதும் திரை உயிர் பெற்று, காலையில் நின்ற இடத்திலிருந்து படம் ஓட ஆரம்பித்தது. யாரோ இருவர் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள்.

மைத்துனன் பதறிப்போய்க் கையை நீட்டினான். "அணைச்சிடவா மாமா?"

"விடுறா."

உட்கார முடியாமல் அவள் படுக்கும் பக்கமாகச் சாய்ந்தார். அங்கிருந்து பார்த்தபோது திரைக்குப் பக்கத்தில், முன்னால் இருந்த கண்ணாடியில், ஓட்டுகிறவனின் கண்கள் தெரிந்தன. இரண்டும் சிவந்து, நிறைந்து வழிந்துகொண்டிருந்தன. சிக்னலில் அழுத அன்று தன் கண்களும் இப்படித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. முகத்தைச் சீட்டில் புதைத்துக்கொண்டார். வீடு வரும்வரை எழுந்திருக்கவில்லை.

அக்கா வந்து பத்து நாள் உடனிருந்தாள். வந்தவர்கள் போனவர்கள் எல்லாம் அடங்கியபின் ஒரு சாயங்காலம், சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் அவர் போய் நின்றார்.

"அன்னிக்கு நான் உன்கிட்ட கார்ல சொன்னேனே, முடிஞ்சா தேவலைன்னு. அதை அவ கேட்டுட்டாக்கா."

அக்கா துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தாள்.

"தெரியும்டா."

"எப்படி?"

"அன்னிக்குச் சாயங்காலமே எனக்கு ஃபோன் பண்ணினா. நீ கடைக்குப் போயிருந்தியாம். 'அண்ணி, அவரு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க, திட்டிடாதீங்க. காலையிலேர்ந்து பட்டினி, அதான் அப்படிப் பேசிட்டாரு'ன்னா. 'தினமும் ஒரு தடவை அவருக்கு ஃபோன் பண்ணுங்க. நான் போனதுக்கப்புறமும் விட்டுறாதீங்க. பேசமாட்டாரு, நீங்களே பேசுங்க'ன்னா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

அந்த நாளுக்குப் பிறகுதான் அக்கா தினமும் ஃபோன் செய்ய ஆரம்பித்திருந்தாள். திடீரென்று இவளுக்கு என்ன இவ்வளவு பாசம் என்று அவர் எரிச்சல்கூடப் பட்டதுண்டு. இப்போது சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். அக்காவும் ஈரக் கையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். இருட்டும்வரை இருவரும் விளக்குப் போடவில்லை.

மாதம் திரும்புவதற்குள் வயர்காரர் கொட்டகைக்குப் போய்விட்டார். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. அன்று ஒரு பெரிய வண்டி காத்திருந்தது. இரண்டு திரை, இரண்டு ஹெட்போன். வண்டிக்காரர் அவசரப்பட்டார். வயர்காரர் முழங்காலிட்டு வாசற்படிப் பட்டையைக் கழற்றி, தரைவிரிப்பைத் தூக்கி, வயரை இழுக்க ஆரம்பித்தார். நடுவே இரண்டு முறை கை நின்றது. மைத்துனன் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல், சீட்டின் மறுபக்கத்தில் வயரின் முனையைப் பிடித்துக்கொண்டான்.