திருத்தாமல் விட்ட கூரை

ஒரு மனிதர் எழுதிய ஒரே புத்தகத்தை நான் வேண்டுமென்றே கெடுத்தேன். அதிலிருந்த பெரிய பிழையை அச்சுக்குப் போகுமுன்பே கண்டேன், சொல்லாமல் விட்டேன், பிறகு வெளியீட்டு மேடையில் ஏறி எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்.

அவரை நான் அறிந்தது டவுன்டவுனில் ஒரு உணவகத்துக் குசினியில். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் சரித்திரம் படிப்பித்துவிட்டு வந்த எனக்கு மொன்றியலில் கிடைத்த முதல் வேலை கோப்பை கழுவுவது. எனக்கு முன்பே வந்த அவர் சமையற்காரராக உயர்ந்திருந்தார். கருகிய சட்டியை என் தொட்டிக்குள் போடும்போதெல்லாம் ஒரு கேள்வியும் போடுவார்.

“மாஸ்டர், இந்தச் சட்டியைக் கருக்கினது எந்த ராசா? எந்த ஆண்டு? சொல்லும் பாப்பம்.”

மற்றவர்கள் சிரிப்பார்கள். அடியில் கறுப்பு மிச்சமிருந்தால், “அரை மார்க்தான். திருப்பி எழுதும்” என்று மறுபடி தொட்டிக்குள் தள்ளுவார். இரண்டு வருடம் இது நடந்தது. வேறு வேலைக்குப் போன பிறகும், அவரை ஒரு கூட்டத்தில் தலைகுனிய வைப்பது எப்படியென்று மெட்ரோவில் இருந்து வசனம் வசனமாக யோசித்திருக்கிறேன்.

முப்பது வருடம் கழித்து, கோட்-டெ-நெய்ஜில் என் வீட்டுக்கு அவரே கையெழுத்துப் பிரதியோடு வந்தார். ஓய்வுபெற்றபின் நூலகத்தில் இருந்து படித்து, முதல் உலகப்போரின் முதற் குளிர்காலத்தில் பிரித்தானியப் படை அகழிப் போருக்குப் பழக முடியாமல் பட்ட பாட்டைத் தமிழில் எழுதியிருந்தார்.

“வெள்ளைக்காரன்ரை சண்டை உங்களுக்கு ஏன் அண்ணை?”

“வளவுக்கை பங்கர் வெட்டின ஆக்களுக்கு அது விளங்கும், மாஸ்டர். இரண்டடி வெட்டத் தண்ணி வந்தா என்ன செய்யிறதெண்டு அவங்களுக்கும் தெரியேல்லை. படிச்ச ஆள் நீர்தான். பிழை கிடந்தா சொல்லும்.”

குசினியை அவர் மறந்தே போயிருந்தார்.

நல்ல புத்தகம். விரைந்து போய் விரைந்து வெல்லலாம் என்று வந்த படை பெல்ஜியச் சேற்றில் சிக்கியது. கைக்குண்டு போதாமல் ஜாம் தகரத்துக்குள் வெடிமருந்தும் ஆணியும் அடைத்தது. அகழியை நேராக வெட்டினால் ஒரு முனையிலிருந்து சுடுபவன் வரிசை முழுவதையும் வீழ்த்துவான் என்பதை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. தண்ணீர் ஊறிய இடங்களில் கீழே வெட்டுவதை விட்டு மண்மூட்டைகளை மேலே அடுக்கியது. எல்லாம் சரியாக இருந்தன.

பிழை நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. படைவீரர் நின்று சுட்ட முன்னரங்க அகழிகளை, மரக்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிக் கூரைபோட்டு மூடினார்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அது ஊரில் யுத்த காலத்தில் நாங்கள் வீட்டு வளவில் வெட்டிய பங்கர். எங்களுக்குக் குழி என்றால் வானத்திலிருந்து வரும் குண்டுக்கு ஒளிக்கிற இடம். அவர்களுடைய அகழியோ திறந்து கிடந்தது. மழையும் குண்டுச் சிதறலும் நேரே உள்ளே விழுந்தன.

எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

“அச்சுக்குக் குடுக்கலாம் அண்ணை.”

“அப்ப ஆய்வுரையும் நீர்தான் செய்யவேணும்.”

“ஓம்” என்றேன்.

செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம் வெளியீடு. எங்கள் வெளியீடுகளில் ஆய்வுரை முடிந்த பிறகுதான் சனம் எழுந்து போய் ஆசிரியர் கையால் பிரதி பெறும். அதை மனதில் வைத்துத்தான் பேசினேன். அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டிவிட்டு, “எங்கடை அண்ணை தன்ரை பங்கரைக் கப்பலிலை ஏத்திப் பெல்ஜியத்துக்குக் கொண்டுபோட்டார். மேலாலை மூடிப்போட்டு வெள்ளைக்காரன் எதுக்குள்ளாலை சுட்டவன்? அரை மார்க்தான். திருப்பி எழுதும்” என்றேன்.

மண்டபம் குலுங்கியது. முன்வரிசையில் பட்டு வேட்டியோடு இருந்த நூலாசிரியரின் முகம் ‘அரை மார்க்’ என்றபோதுதான் மாறியது. பிரதி பெற அவருடைய உறவினர் சிலர் மட்டும் எழுந்தார்கள்.

அந்தக் கிழமை முழுவதும் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். அடுத்த மாதம் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். அப்பா நூலகத்துக்குப் போவதில்லை, புத்தகப் பெட்டிகளைக் குப்பைக்கு வைக்கச் சொல்கிறார் என்றாள். “அங்கிள், நீங்கள் முதலே வாசிச்சனீங்கள்தானே. ஏன் சொல்லேல்லை?”

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். பிழைதிருத்தத் தாள் அடித்து, எல்லாப் பிரதியிலும் நானே ஒட்டித் தருகிறேன் என்றேன். பெட்டியிலிருந்து ஒரு பிரதியை எடுத்து நான்காம் அத்தியாயத்தை விரித்தார்.

“ஒட்டும். ஆனா வசனம் நான் சொல்லுவன்.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘முன்னரங்க அகழிகள் திறந்தவையாகவே இருந்தன. ஆய்வுரை செய்தவர் இப்பிழையை அச்சுக்கு முன்பே கண்டும் சொல்லவில்லை.’

“கீழை கையெழுத்து வையும். ஒவ்வொண்டிலையும்.”

மூன்று பின்னேரம் அவருடைய மேசையில் இருந்து ஒட்டினேன். தாள் சரிந்திருந்தால் உரித்துத் திருப்பித் தந்தார். ஒரு தேத்தண்ணிகூடத் தரவில்லை.

பிரதிகள் விற்றுப்போயின. அந்தத் தாளைப் பார்ப்பதற்கென்றே சிலர் கேட்டு வாங்கினார்கள். வாங்கியவர்களில் சிலர் மீதியையும் படித்தார்கள். இப்போது அகழிப் போர் பற்றிப் பேச அவரைக் கூட்டங்களுக்கு அழைக்கிறார்கள். என்னிடம் எவரும் ஆய்வுரை கேட்பதில்லை. மெட்ரோவில் என்னைக் கண்டால் அவர் அடுத்த பெட்டிக்குப் போய் ஏறுகிறார். அது நியாயம்தான். ஆனால் மண்டபம் சிரித்த அந்தக் கணம் எனக்கு இன்னும் இனிக்கிறது. மன்னிப்புக் கேட்ட அன்று அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.