நான் போடாத லீவு

நூல் மில்லில் அப்போது இரண்டே சாதி. நான் நிரந்தரம், அவன் பதிலி. நிரந்தரக்காரன் ஒருவன் வராவிட்டால்தான் பதிலிக்கு அன்றைக்கு வேலை. அதனால் காலை ஷிஃப்டுக்கு முன்பே பதிலிகள் கேட்டில் வந்து நின்று, எங்களில் எவனுக்குக் காய்ச்சல், எவன் வீட்டில் சாவு என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். கேன்டீன் பெஞ்சில் அவர்கள் உட்காரக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. நாங்கள் உட்கார விட்டதில்லை, அவ்வளவுதான். வேலை நிரந்தரமானதும் எங்களுக்குக் கொம்பு முளைத்திருந்தது.

லீவு போடுகிறேன் என்று ஆசை காட்டி அவர்களிடம் வேலை வாங்குவோம். ஒருவன் தன் பதிலியை மாடு குளிப்பாட்ட வைத்தான். நான் என் பதிலியான அவனை வண்ணார்பேட்டையில் என் வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து அடித்தான். சோறு போட்டோம், பின்வாசலில்.

தொடர்ந்து ஒரு மாதம் வேலை அமையாத பதிலியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். தீபாவளி போனஸ் கைக்கு வரும்வரை எங்களில் எவனும் லீவு போடமாட்டான். ஆயுத பூஜைக்கு முந்தின நாளோடு அவனுக்கு வேலை அமையாமல் ஒரு மாதம் முடிந்தது. அவன் மனைவிக்கு நிறைமாதம். "அன்னைக்கு நான் வரலலே. என் மிஷின்ல நீ நில்லு" என்று வாக்குக் கொடுத்தேன். மனதாரத்தான் கொடுத்தேன்.

அதற்கு முதல்நாள் சாயங்காலம் டீக்கடையில் சேதி கிடைத்தது. பூஜைக்காக நிரந்தரக்காரர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. மறுநாள் வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும்.

காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு தூக்குச்சட்டிக்காக ஒருவன் வயிற்றில் அடிக்கத் துணிந்த என்னை என்ன சொல்லித் திட்ட?

கேட்டில் அவன் குளித்து, திருநீறு பூசி நின்றான். என்னைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று. சூப்பர்வைசரிடம், "அண்ணாச்சி இன்னைக்கு லீவுன்னு சொன்னாவ சார்" என்றான்.

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். "சொன்னீரா வே?"

சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்? இவன் புளுகுதான்."

அவன் என்னோடு வாதாடவில்லை. "நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன் சார்" என்றான். அடுத்த மாதம் பட்டியலில் மறுபடி பெயர் சேர்க்க என் தயவு வேண்டியிருக்கும் என்று நினைத்திருப்பான்.

பொய் சொல்கிறவனை இனி எந்த மாதமும் சேர்க்க வேண்டாம் என்று சொல்லி, சூப்பர்வைசர் அங்கேயே அவன் பெயரை அடித்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஷிஃப்டுக்கு மில் சங்கு ஊதியது. உள்ளே போனேன்.