ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு தலை

என் மகனுக்கு மூன்று மாதம் ஆனபோது அவன் தலை உதிர ஆரம்பித்தது. முடி உதிர்ந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். உதிர்ந்தது தோல். உச்சியில் மஞ்சளாக ஒரு பொருக்கு, காதுக்குப் பின்னால் இன்னொன்று. கன்னமும் கையும் வறண்டு வெள்ளை பூத்திருந்தன. தூக்கி இடுப்பில் வைத்தால் என் கைலியில் மாவு கொட்டிக் கிடக்கும்.

கிளினிக்கில் இருந்த மிஸ்ஸி, நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், பார்த்துவிட்டுச் சிரித்தார். "நெறையப் பிள்ளைங்களுக்கு வாரதுதான்மா. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி ஊற வை. மெத்துனு ஒரு பிரஷ்ல சீவிவிடு. பிய்க்காத. ரெண்டு மூணு மாசத்துல தானாப் போயிரும்லா."

ரெண்டு மூணு மாசத்துக்கு நான் எங்கே போவேன்? என் கையில் இருந்தது ஆறு நாள்.

அன்று காலைதான் நாங்கள் இருந்த ஈப்போவுக்கு, சிலிம் ரிவர் ஊரிலிருந்து ஒரு தபால் அட்டை வந்திருந்தது. 'ஞாயிறு பத்து மணிக்குப் பிள்ளையைப் பார்க்க வருகிறேன்.' அவ்வளவுதான். எழுதியவர் என் மாமனார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். நானோ ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண். எங்கள் கல்யாணத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு ஈ காக்காய் வரவில்லை. பிள்ளை பிறந்ததற்கும் வரவில்லை. வந்ததெல்லாம் என் நாத்தனார் யாரிடமோ சொன்ன ஒரு பேச்சுதான்: "பிள்ளைக்குத் தலையெல்லாம் லயத்துச் சொறியாம்."

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. என் கணவர் அரசாங்க ஆபீசில் கிளார்க், சாது. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாளுக்கு நாற்பது தரம் எடுத்துப் பார்த்தார். அப்பா வந்து பிள்ளையைத் தூக்கிவிட்டால் போதும், அந்த வீட்டுக் கதவு திறந்துவிடும் என்று அவர் நம்பினார். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது, வெளியே சொல்லவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு சுத்தமான தலை வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் வாயை விட்டதுதான் நான் செய்த தப்பு. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "தங்கச்சி, நீ பேசாம இரு. இது ஆத்தா மருந்துலா." உச்சி முதல் உள்ளங்கால்வரை பூசினாள். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த என் கணவர், நான் குளியலறையில் இருந்த நேரம் பார்த்து, அதன்மேல் நல்லெண்ணெயை ஊற்றினார். அவர்கள் வீட்டுப் பழக்கமாம். மறுநாள் நான் கழுவத் தூக்கினால் பிள்ளை கையில் நிற்கவில்லை. விலாங்கு மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போனான். துண்டில் சுருட்டித்தான் தூக்க முடிந்தது. அவனோ சிரித்துக்கொண்டிருந்தான், படுபாவிப் பயல்.

எண்ணெய் போனது. பொருக்கு போகவில்லை. மஞ்சளும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மிஸ்ஸி தூரத்திலிருந்தே எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ, மஞ்சக்காமாலை!" பஞ்சால் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. அதன் பிறகு எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு வந்து எல்லாரையும் பார்த்துக் கத்தினேன். "என்னைத் தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டுபோய் விட்டுட்டுத்தான் நீங்கல்லாம் ஓய்வீங்க போல!" அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை தோட்டத்திலிருந்து என் அண்ணன் மோட்டார்சைக்கிளில் வந்தான், கையில் ஒரு போத்தல் தேங்காயெண்ணெயோடு. பால்மரம் வெட்டுகிறவன். மருமகன் தலையை ஒரு மரத்தைப் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஒட்டுப்பால் காஞ்ச மாதிரியே இருக்குலா," என்றான். வெட்டிய கோட்டில் வழிந்து காய்ந்து ஒட்டிக்கொள்ளும் பாலைத்தான் அப்படிச் சொல்வார்கள். "அவசரப்பட்டுப் பிடுங்குனா பட்டையும் சேந்து வரும். ஊற வைக்கணும். அப்புறம் ஓரத்துலேருந்து மெதுவா."

மிஸ்ஸி சொன்னதும் இதையேதான். ஆனால் எங்கள் வீட்டில் யார் சொல்வதையும் அண்ணன் சொன்னால்தான் கேட்போம். எண்ணெய் தடவினான். ஊற வைத்தான். கொஞ்சம் இளகியது. அதற்குள் ஞாயிறு விடிந்துவிட்டது. மிச்சத்தை மறைக்க, ஈப்போ வெயிலில், கம்பளிக் குல்லாய் ஒன்றை மாட்டிவிட்டேன். அண்ணனைச் சமையலறையில் இருக்கச் சொன்னேன். அது என் வெட்கங்கெட்ட வேலை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அவன் போத்தலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துகொண்டான்.

பத்து மணிக்கு மாமனார் வந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி. வீட்டுக்குள் வந்தும் தொப்பியைக் கழற்றவில்லை. மரியாதை தெரியாத மனுசன் என்று உள்ளுக்குள் பொருமினேன். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். தொப்பி போட்ட இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"குல்லாயைக் கழட்டுங்கோ," என்றார்.

"சளி பிடிச்சிருக்கு மாமா."

"இந்த வெக்கையிலயோ?"

அவரே நாடாவை அவிழ்த்தார். குல்லாய் வந்தது. அதோடு இளகியிருந்த பொருக்கெல்லாம் சேர்ந்து வந்து, அவருடைய கறுப்புக் கால்சட்டையில் பொலபொலவென்று கொட்டியது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். தொலைந்தது எல்லாம் என்று நினைத்தேன்.

மாமனார் பிள்ளையின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். அங்கே ஒரு பொருக்கு இன்னும் பாக்கி இருந்தது. அதை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகத் தன் தொப்பியைக் கழற்றினார்.

உச்சியில் மஞ்சளாக ஒரு பொருக்கு. காதுக்குப் பின்னால் இன்னொன்று. கோட்டின் தோளெல்லாம் வெள்ளை.

"இது என்ர தலையல்லோ," என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. "அப்படியே என்ர தலை."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "சின்ன வயதில தினமும் காலமை அப்பாட கோட்டுக்குப் பிரஷ் போடுறது என்ர வேலை," என்றார். "தலையைப் பற்றி எங்கட வீட்டில ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

"ஆறு நாளா நான் கெடந்து சாகுறேன்!" மாமனார் இருப்பதை மறந்து கத்திவிட்டேன். "லயத்துச் சொறி லயத்துச் சொறின்னு ஊரே சிரிச்சுது. ஸ்டேஷன் மாஸ்டர் சொறின்னு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமனார் குலுங்கினார். அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் குல்லாயில் கிடந்ததைக் காட்டிக் கேட்டார். "நாப்பது வருசமாப் போகாதது. இதை ஆர் இளக்கினது?"

நான் சமையலறைக்குப் போய் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"எனக்கும் பூசலாமோ?"

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினோம். கல்யாணத்துக்கு வராத மனுசன் எங்கள் குட்டை முக்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுப் போத்தலைத் திறந்தான். பால் கறை படிந்த அந்த விரல்கள் ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் ஓரத்திலிருந்து மெதுவாக நகர்ந்தன. முதலில் "ஐயா, கொஞ்சம் குனிங்க" என்றான். அரை மணி நேரம் கழித்து, "மாமா, ஆடாம இருங்கலா" என்று அதட்டினான். யாரும் திருத்தவில்லை. பிள்ளை என் இடுப்பிலிருந்து அதை வேடிக்கை பார்த்தான்.

போகும்போது பாக்கி எண்ணெயைப் போத்தலோடு எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு அட்டை வந்தது. 'எண்ணெய் முடிந்துவிட்டது. ஞாயிறு வருகிறோம். உம்முடைய மாமியும் மகளும் பிள்ளையைப் பார்க்க வேண்டுமாம். உம்முடைய தமையனை வரச் சொல்லும்.'

அதைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன். அழுது முடித்ததும், மகனுடைய தலையைத் தடவிப் பார்த்தேன். மிஸ்ஸி சொன்னபடி தானாகவே போயிருந்தது. ஒரு செதில்கூட இல்லை. எனக்குத் திக்கென்றது. 'அப்படியே என்ர தலை' என்று வரப்போகிறவர்களுக்கு இனி எதைக் காட்டுவேன்?