சாமி வராத லேப்டாப்

பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்தது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருந்த ஒரு வே பிரிட்ஜில். கூடப் படித்தவர்கள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு தரமணிப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போனார்கள். நான் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். லாரி மேடைமேல் ஏறும், டிரைவர் இறங்குவார், திரையில் எடை நிற்கும், நான் ஒரு பட்டனைத் தட்டிச் சீட்டு எடுத்துக் கொடுப்பேன். இதற்கு மூன்று வருடப் படிப்பு வேண்டுமா என்று நீங்கள் கேட்க வேண்டாம். வீட்டில் தினமும் கேட்டார்கள்.

முதலாளி ஓர் அக்கா. ஐம்பது வயது. அவர் குரலை மட்டும் வைத்துக்கொண்டே டிரைவர்கள் ரிவர்ஸ் எடுப்பார்கள், கண்ணாடியைப் பார்ப்பதில்லை. எனக்குக் கிடைத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இதுதான்: "ஒரு மாசம் பாக்கறேன்ம்மே. தேறினா வெச்சுக்கறேன். தேறலன்னா வூட்டப் பாத்து போய்க்கினே இரு."

"கம்ப்யூட்டர்ல எது வேணும்னாலும் செய்வேன்க்கா" என்று நானும் சொல்லி வைத்தேன். அந்த வயதில் வாய்க்கு பிரேக் கிடையாது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கிடங்கில் ஏற்றியபோது சொன்ன எடையும் எங்கள் மேடை காட்டும் எடையும் ஒத்துப்போகாவிட்டால், பழி நேராக டிரைவர் தலையில் விழும். வழியில் டீக்கடைப் பக்கம் நிறுத்தி இரண்டு கம்பியை இறக்கிவிட்டான் என்பார்கள். உடனே எல்லோரும் என் அறைக்கு வருவார்கள். பழைய கம்ப்யூட்டரின் குண்டுத் திரையில் நடுவில் முருகன், இடப்பக்கம் வேளாங்கண்ணி மாதா, வலப்பக்கம் மக்கா. ஆட்டோக்களில் ஒட்டியிருக்குமே, அதே படம். எனக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ வைத்தது. டிரைவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு திரையைத் தொட்டு, "மெய்யாலுமே ஒரு கம்பிகூட எறக்கல" என்பார். கிடங்கு மேஸ்திரி தொட்டு, ஒழுங்காகத்தான் ஏற்றினேன் என்பார். கடைசியாக அக்கா தொட்டு, தன் மேடை தப்புக் காட்டாது என்பார். மேஸ்திரி "சரி, போவுது வுடு" என்றதும் லாரி கிளம்பிவிடும்.

மூன்று பேருமே உண்மை சொன்னால் எடை மட்டும் எப்படிக் குறைந்தது என்று இரண்டாம் நாளே கேட்டேன்.

"சாமி முன்னாடி நின்னுகினு கேள்வி கேக்காத" என்றார் அக்கா.

மூன்றாவது வாரம் அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. கடல் காற்றும் இரும்புத் தூளும் சேர்ந்து உள்ளே என்ன செய்தனவோ, திறந்து பார்த்தால் மீன் வறுத்த சட்டி மாதிரி இருந்தது. அக்கா அன்றைக்கே போய்ச் சிலேட்டு அளவில் ஒரு லேப்டாப் வாங்கி வந்தார். இருப்பதிலேயே விலை குறைந்தது. அடியில் 'ஸ்டார்ட்டர்' என்று ஒரு ஸ்டிக்கர்; உள்ளே இருக்கும் சிஸ்டத்தின் மலிவு எடிஷனுக்கு அதுதான் பேர்.

எடை போடும் புரோகிராமை ஏற்றினேன், வேலை செய்தது. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் அதை மூடினால் நீலத் திரையும் நடுவில் கம்பெனிச் சின்னமும் தெரிந்தன. அந்த இடத்தில் முருகனை வைக்க வேண்டும், அவ்வளவுதானே என்று வலது பட்டனை அழுத்தினேன். மற்ற எடிஷன்களில் வரும் பட்டியலின் அடியில் படத்தை மாற்ற ஒரு வரி இருக்கும். இதில் அந்த வரியே இல்லை. மங்கலாகக்கூட இல்லை. ஸ்டார்ட்டர் வாங்குகிறவன் திரையில் தனக்குப் பிடித்த படம் வைக்கக் கூடாது என்று எங்கோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். ஹவுசிங் போர்டில் வீடு ஒதுக்குகிறவர்கள்கூடச் சுவரில் ஆணி அடிக்காதே என்று சொல்வதில்லை.

"படம் மாத்த முடிலியா?" என்றார் அக்கா. "காலேஜ்ல இன்னாத்த படிச்ச? கோலம் போடவா?"

"இந்த எடிஷன்ல அனுமதி இல்லக்கா."

"சாமி வர்றதுக்கு எவன்கிட்ட அனுமதி வாங்கணும்? சனிக்கெழமையோட உனக்கு மாசம் முடியுது. அதுக்குள்ள சாமி வந்தா நீயும் இரு. வரலன்னா அந்தப் பொட்டிய எம் பொண்ணுகிட்ட குடுத்துடறேன், உன்ன உங்கம்மாகிட்ட குடுத்துடறேன்."

அன்றிலிருந்து எனக்கு லாரி கண்ணில் படவில்லை. முதலில் படத்தைத் திறந்து திரை முழுக்க விரித்து வைத்தேன். பார்க்க அச்சு அசலாக இருந்தது. சத்தியம் செய்ய வந்த ஒரு டிரைவர் பக்தியோடு விசைப் பலகையில் கையை ஊன்றினார். படம் நகர்ந்து, அதே ஃபோல்டரில் அக்கா ஏற்றி வைத்திருந்த பேத்தியின் பிறந்தநாள் கேக் வந்து நின்றது.

"இன்னா தங்கச்சி, கேக்கு மேல சத்தியம் பண்ணவா? துண்டு எதுனா குடுப்பீங்களா?" என்றார் அவர்.

அடுத்து, பாஸ்வேர்டு கேட்கும் முதல் திரை. ஏதோ ஒரு மூலையில் இரண்டு இடத்தைத் திருத்தினால் அங்கே மட்டும் நம் படத்தை வைக்கலாம் என்று பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். வைத்தும் விட்டேன். கோபுரத்தில் சாமி இருக்கலாம், கருவறையில் கூடாது என்கிற மாதிரியான ஆகமம். தகராறு வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரைப் பூட்டுவேன், மூவரும் காட்சி தருவார்கள். ஆனால் பாஸ்வேர்டுப் பெட்டி மிகச் சரியாக முருகன் வாய்மேல் உட்கார்ந்துகொண்டது.

"இன்னாத்துக்கு சாமி வாயில பிளாஸ்திரி ஒட்டிகீற?" என்று மேஸ்திரி கேட்டார். சத்தியம் செல்லாது என்று தீர்ப்பானது.

மூன்றாவதாக ஓர் இலவசப் புரோகிராமை இறக்கினேன். அது படத்தை மாற்றியது, அதன் இஷ்டத்துக்கு. காலையில் திறந்தால் ஏதோ வெளிநாட்டு ஏரி, நடுவில் ஒரு படகு. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காசிமேடா?" என்றார். "மீன் பாடு இல்ல போலகீது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை வந்துவிட்டது. கடைசி வழி ஒன்று பாக்கி. அந்த நீலப் படமும் உள்ளே ஒரு ஃபோல்டரில் சாதாரணப் படமாகத்தான் இருக்கிறது. அதைத் தொட எனக்கு உரிமை இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். உரிமையை என் பேருக்கு மாற்றிக்கொண்டு, அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அதே பேரில் நம் சாமி படத்தை உட்கார வைக்க வேண்டும். பட்டா மாற்றுகிற மாதிரிதான், தாலுகா ஆபீஸ் இல்லாமல். பதினொரு மணிக்கு எல்லாம் முடித்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். 'அணைக்க வேண்டாம், காத்திருக்கவும்' என்று சொல்லிவிட்டுச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே சத்தம். வள்ளூர் பவர் ஹவுஸ் வேலைக்குக் கம்பி ஏற்றிய லாரிக்குச் சற்று முன்புதான் சீட்டு கொடுத்திருந்தேன். கிடங்கு சொன்னதைவிட நூற்று நாற்பது கிலோ குறைவு. டிரைவர் எண்ணூர்க்காரர், எங்கள் மேடைக்கு வாரம் நான்கு தடவை வருகிறவர். மேஸ்திரி அவர் சட்டையைப் பிடித்திருந்தார்.

"திருட்டுப் பட்டம் கட்டாத மேஸ்திரி, சொல்லிட்டேன். சாமிய காட்டு, தொட்டு சொல்றேன்."

"சாமி எங்கம்மே?" என்று அக்கா கத்தினார்.

"ரீஸ்டார்ட் ஆவுதுக்கா. ஒரு அஞ்சு நிமிஷம்."

சக்கரம் சுற்றியது. ஐந்து பத்தானது, பத்து இருபதானது. பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. கடைசியில் அந்த டிரைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உங்க சாமி வர்ற வரைக்கும் நான் திருடனா நிக்கணுமா? அந்தாண்ட வே பிரிட்ஜுக்கு வுடுறேன். மேஸ்திரி, வண்டில ஏறு. எங்கியும் நிறுத்தாம போறேன், பாத்துகினே வா."

தன் மேடைமேல் சந்தேகம் என்றால் அக்கா மற்ற நாட்களில் பெரிய ரகளையே செய்திருப்பார். அன்றைக்குத் தொட்டுச் சொல்ல அவருக்கும் எதுவும் இல்லை. "போய்ப் பாரு, போ" என்றார்.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். மேஸ்திரி சீட்டை நீட்டினார். கிடங்கு சொன்ன எடை, அப்படியே.

அக்கா அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடை ஓரத்து இரும்பு மூடியைத் தூக்கச் சொல்லி, டார்ச்சோடு மேடைக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கினார். மேடைக்கும் சுவருக்கும் நடுவில் வெட்டுக் கம்பி, கசடு, கல், யாருடையதோ ஒரு ரப்பர் செருப்பு எல்லாம் இறுகிப்போய்க் கிடந்தன. மேடை முழுசாக அமுங்கவே இல்லை. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ. எத்தனை பேர் கையைத் துடைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டு, சந்தேகத்தையும் ஏற்றிக்கொண்டு போனார்களோ.

சரியாக அப்போதுதான் உள்ளே லேப்டாப் விழித்துக்கொண்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முருகன், மாதா, மக்கா. பெட்டி இல்லை, கேக் இல்லை, படகு இல்லை. வாழ்க்கையில் என் முதல் நிஜமான வெற்றி.

"அக்கா, சாமி வந்துடுச்சு!"

அவர் குழியிலிருந்து ஏறி வந்து, முழங்கைவரை கிரீஸோடு வாசலிலேயே நின்று பார்த்தார். கிட்ட வரவில்லை.

"நல்லாத்தான் கீது" என்றார். "இருக்கட்டும். இனிமே எவனையும் அதும்மேல கைய வெக்க வுடாத. நானே வந்தாலும் வுடாத."

அப்புறம் அந்த டிரைவரிடம் போய், "தப்பு எம்மேலதாம்பா" என்றார். அவர் லாரிக்குள்ளிருந்தே, "வுடுக்கா, டீ சொல்லு" என்றார்.

நான் பையை எடுக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். என் ஒரு வார உழைப்பைத் தொடக்கூட யாரும் இல்லை, மாதமும் முடிந்துவிட்டது.

அக்கா திரும்பி என் காலைப் பார்த்தார்.

"திங்கக்கெழம இந்த ஹீல்சு கீல்சுலாம் போட்டுகினு வராதம்மே. ஷூ வாங்கிக்கோ. வாரத்துக்கு ஒருதபா குழில எறங்கணும்."