கைய எடு என்று சொன்ன லேப்டாப்போடு மாடம்பாக்கம் வரை

இந்த பிளாக்கில் நீங்கள் படித்த பயணமெல்லாம் ரெண்டு பேர் போனது. நான் எழுதுவேன், ரூம்மேட் டேனி போட்டோ எடுப்பான். போன வருஷம் டெங்கு வந்து டேனி போய்விட்டான். அதற்குப் பிறகு, போன சனிக்கிழமைதான் முதல் தடவையாகத் தனியாகக் கிளம்பினேன். தூரம் என்னவோ முப்பது கிலோமீட்டர்தான்.

காரணம் அவன் லேப்டாப். பட்டனைத் தட்டினால் விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே பாஸ்வேர்டு கேட்கும். அதற்கு மேலே ஆங்கில எழுத்தில் ஒரு வரி: "மச்சான், கைய எடு." நான் நோண்டுவேன் என்று எனக்காகவே போட்டு வைத்திருந்தான், படுபாவி. டிஸ்க்கைக் கழற்றி போட்டோக்களை அப்போதே எடுத்துவிட்டு, திரும்ப மாட்டிவிட்டேன். மெஷின் மட்டும் பூட்டியே கிடந்தது. சில நாள் அந்தத் திட்டு வாங்குவதற்காகவே பட்டனைத் தட்டுவேன். சர்வீஸ் சென்டரில், போர்டையே மாத்தணும், இல்லாட்டி காயலான் கடைதான் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு வழி இருந்தது. பாஸ்வேர்டு கேட்பது கம்பெனிக்காரன் போட்ட பயாஸ், அதாவது பட்டனைத் தட்டியதும் முதலில் ஓடும் புரோகிராம். அதைச் சிப்பிலிருந்து அழித்துவிட்டு, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேரை ஏற்றலாம். எல்லா மாடலுக்கும் ஆகாது, இதற்கு ஆகும். மாடம்பாக்கத்தில் ஜெசிந்தா அக்கா என்று ஒரு ஸ்கூல் டீச்சர் சனிக்கிழமைகளில் ஆசைக்காக இதைச் செய்கிறார்.

எழும்பூரில் 8.10 லோக்கல், டிக்கெட் பத்து ரூபாய். 8.58க்குத் தாம்பரம். கிழக்குப் பக்கம் இறங்கி ஷேர் ஆட்டோ, ஆறு கிலோமீட்டர், இருபது ரூபாய்.

"இன்னா சார், பொட்டிய மடிலயே வெச்சுகினு கீற? கீழ வையேன்," என்றார் டிரைவர்.

"ஒடஞ்சிடும்ணா, பழசு."

"பழசுன்னா தூக்கிப் போட்டுட்டு புச்சு வாங்கு சார்!"

நான் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சிவன் கோயிலுக்குப் பின் தெருவில் அக்கா வீடு. முதலில் பேட்டரியைக் கழற்றினார். சிப்பில் ஒரு கிளிப்பை மாட்டி, பழைய பயாஸைத் தன் லேப்டாப்பில் ரெண்டு தடவை படித்தார். ரெண்டு காப்பியும் ஒத்துப்போகவில்லை. கிளிப்பை அழுத்தி மாட்டி மறுபடி ரெண்டு தடவை. "ரெண்டும் ஒண்ணா இருந்தாதான் அழிப்பேன் சார். இல்லன்னா திரும்பிப் போக வழியே இருக்காது." இந்தத் தடவை ஒத்துப்போனது.

புதுசு பாதி ஏறும்போது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. "ஐயோ, போச்சு!" என்று எழுந்துவிட்டேன்.

"என் லேப்டாப் பேட்டரில ஓடுது சார், உக்காருங்க."

11.40க்கு பேட்டரியைத் திரும்ப மாட்டி பட்டனைத் தட்டினார். பாஸ்வேர்டு கேட்கவில்லை. கறுப்புத் திரை, அப்புறம் நேராக உள்ளே.

"ஆரம்பத்துல ஒரு படம் வைக்கலாம். என்ன போடட்டும்?"

முன்னால் அந்த இடத்தில் இருந்த டேனியின் வரியைச் சொன்னேன்.

"அதையே போட்டுத் தரேனே, அஞ்சு நிமிஷம்."

"வேணாம்கா. இனிமே போட்டா அது நான் சொல்றதாத்தான் இருக்கும்."

அக்கா பழைய காப்பியைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார், ஒரு டீயும் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: உங்கள் மாடலுக்கு ஆகுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய காப்பி எடுக்காமல் அழிக்க விடாதீர்கள். கோயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பன்னிரண்டுக்குள் போங்கள், நடை சாத்திவிடுவார்கள். நான் பார்க்கவில்லை. முக்கியமாக, கிளம்புவதற்கு முன்னால் பழைய திரையை ஒரு தடவை போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. போட்டோ எடுப்பது எப்போதும் அவன் வேலை.

வீட்டுக்கு வந்து பட்டனைத் தட்டினேன். எதுவும் கேட்காமல் திறந்துகொண்டது. விரல் பட்டன் மேலேயே இருந்தது. கைய எடு என்று சொல்ல ஆள் இல்லை.