கோட்டுக்குள் இருந்த என் மட்டை

இரண்டு வருடங்களுக்கு முன், பௌர்ணமிக்கு முந்தின நாள். கிரிவலத்துக்கு வந்த பேருந்துகளால் திண்டிவனம் சாலை அடைத்துக்கொள்ள, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த நான் பாதி வழியில் இறங்கி மைதானத்துக்கு ஓடினேன். திருவண்ணாமலையில் கல்லூரிப் பெண்களுக்கான கிரிக்கெட் இறுதிப் போட்டி. நான் பந்து வீசுகிறவள். பேட்டிங்குக்கு என்னைக் கடைசியில்தான் அனுப்புவார்கள்.

எதிரணி கேப்டன் நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள். ஆனால் நான் பந்து போடும் முனையில் நிற்கும்போதெல்லாம், பந்து என் கையை விட்டுப் போவதற்கு முன்பே கோட்டைத் தாண்டி ஓடத் தொடங்கினாள். சில பந்துகள் பொறுத்தேன். பிறகு ஓடி வந்து, பந்தைப் போடாமல், அவள் வெளியே போனதும் ஸ்டம்பைத் தட்டிவிட்டு அவுட் கேட்டேன்.

"ஏமாத்துக்காரி" என்று சுற்றிலும் கத்தினார்கள். முதலில் ஒரு தடவை எச்சரிக்க வேண்டுமாம். அது பழக்கம், விதி இல்லை. முன்பு இந்த அவுட் விதிகளில் நியாயமற்ற ஆட்டம் என்ற பகுதியில் இருந்தது. இப்போது சாதாரண ரன் அவுட்டோடு சேர்த்துவிட்டார்கள். நானே தேடிப் படித்திருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதுவரை யாராவது வந்து சொன்னதுதான் எங்களுக்குச் சட்டம். நானே படித்துத் தெரிந்துகொண்டதைச் சத்தத்துக்குப் பயந்து விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அம்பயர் எங்கள் கேப்டனிடம், "அப்பீலை வாபஸ் வாங்கிக்கிறியாம்மா?" என்றார்.

கேப்டன் அக்கா என்னிடம் வந்தார். "விட்டுடலாம்டி, டீம் பேரு கெட்டுடும்."

"வாபஸ் வாங்கினா மீதி ஓவருக்கு வேற ஆளப் பாருங்கக்கா."

அக்கா என்னை முறைத்தார். ஆனால் வாபஸ் வாங்கவில்லை. அம்பயர் விரலைத் தூக்கினார்.

"உனக்கும் பேட்டிங் வரும்ல, அப்ப பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்தக் கேப்டன்.

வந்தது. எங்கள் விக்கெட்டுகள் சரிந்து நான் இறங்கியபோது, தோல்விதான் என்று சிலர் பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். அடித்தேன். பந்து போடுகிறவளுக்கு அது எங்கே விழும் என்று தெரியாதா? ஜெயிக்க இரண்டு ரன், கையில் ஒரே விக்கெட் என்ற நிலை வந்தது. நான் பந்து போடும் முனையில். பந்து போட வந்தது அதே கேப்டன்.

ஓடி வந்தவள் சட்டென்று நின்று திரும்பினாள். என் மட்டை கோட்டுக்குள் இருந்தது.

"ஏன், ஓட மாட்டியா?"

"நீங்க பந்த விடுங்க, ஓடறேன்."

அடுத்த பந்தை எங்கள் பெண் மெதுவாகத் தட்டிவிட்டு அழைத்தாள். பந்து கையை விட்ட பிறகுதான் கிளம்பியிருந்தேன். உயிரைக் கொடுத்து ஓடினேன். மறுமுனையில் ஸ்டம்பு விழுந்தபோது, என் மட்டை கோட்டுக்கு ஒரு சாண் வெளியே இருந்தது. ஒரு ரன்னில் தோற்றோம்.

"ஒரு அடி முன்னாடி கிளம்பியிருந்தா தோத்திருக்க மாட்டோம்டி" என்றார் அக்கா.

"அப்ப அவங்கள எதுக்கு அவுட் ஆக்கினேன்?"

கேட்டுக்கொண்டே கடந்துபோன அந்தக் கேப்டன் நின்றாள். "உனக்குத் திமிரு ஜாஸ்தி" என்றாள்.

"ஆமாங்க" என்றேன்.

இன்றும் சிலருக்கு நான் ஏமாத்துக்காரிதான். சொல்லிவிட்டுப் போகட்டும். எந்த விதியைக் காட்டி அவுட் கேட்டேனோ அதே விதிக்குள் நின்றுதான் நான் தோற்றேன். அந்த ஒரு சாண் குறைவைக் கோப்பையை விடப் பெரிதாக இன்றும் வைத்திருக்கிறேன்.